மங்காத மஞ்சள்

அத்தியாயம் பதினான்கு

ஆனைப்பாறைத் தோட்டத்துப் பேருந்தை ஆற்றுப்பாலத் திருப்பத்தில் மறித்து ஏறியவர்கள் பயணிகளின் முகங்களைப் பார்க்கவில்லை. மணிக்கட்டுகளையே பார்த்தார்கள் என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த சின்னராசாவின் வலக்கையில் மஞ்சள் நூல் இருந்தது. அவர்களுக்கு அது போதுமானதாயிற்று. இழுத்து இறக்கினார்கள். கத்தியால் காப்பை அறுத்து ஆற்றில் எறிந்தார்கள். பின்னர் இரும்புக் கம்பியை எடுத்தார்கள். சிங்களவரான நடத்துநர் கூச்சலிட்டபடி பாய்ந்திறங்கித் தடுத்திராவிட்டால், இந்தக் கதையில் சின்னராசாவின் பகுதி அன்றைக்கே முடிந்திருக்கும்.

அது வியாழக்கிழமை மாலை.

அதற்குப் பின் அந்த வீட்டில் நடந்ததுதான் நமக்குப் பொறுக்கவில்லை. கோயில் தலைவரான தந்தை வீரய்யா, மகனை வைத்தியரிடம் கொண்டு செல்வதற்கு முன் வாசற்கதவைச் சாத்தினார். கரகம் தூக்க வேண்டியவனின் காப்பு இடையில் அறுந்தால் திருவிழா நின்றுவிடும். கரகம் தூக்குபவன் தோட்டத்து எல்லைக்கு வெளியே இரவு தங்கவும் கூடாது. ஆகவே, அவர் குருதியைக் கழுவினார். புது நூலை மஞ்சளில் தோய்த்து, அறுந்த காப்பு இருந்த இடத்திலேயே கட்டினார். "பாறையில வழுக்கி விழுந்துட்டான்" என்று லயத்து அண்டை வீட்டாரிடம் சொன்னார். மறுநாள் நண்பகலில் சின்னராசா வாந்தியெடுத்து நினைவிழந்த பிறகே தோட்டத்து லொறி பதுளைக்குப் புறப்பட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த பொலிஸாரிடமும் அவர் அதே பொய்யைத்தான் சொன்னார்.

இன்று சனிக்கிழமை. நாளை மாலை கரகம்.

*

காலையில் வார்ட்டுக்குள் முதலில் வந்தவள் கேசினி. வீரய்யாவின் தம்பி தம்பையாவின் மகள். பதுளையில் ஒரு தையற்கடையில் வேலை செய்பவள். தேநீர்ப் போத்தலைச் சின்னராசாவின் மனைவி சத்தியபாமாவிடம் நீட்டினாள்.

"அண்ணி, ராத்திரி பூரா இந்த முக்காலியிலதான் இருந்தீங்களா? முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"முதுகு இருக்கட்டும். நீ வேலைக்குப் போகலியா?"

"போகணும். ஆனா அப்பா நேத்து ராத்திரியிலேருந்து வேலைக்குப் போகாதேன்னு ஒரே சண்ட. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு. கோயில் உபதலைவர் ஆனதுலேருந்து வீட்டுலயும் கூட்டம் வச்சித்தான் பேசுவாரு போல." சிரித்தாள். கட்டிலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அண்ணன் கண்ணு தெறந்தாருங்களா?"

"ஒரு கண்ணு. மத்தத டொக்டர்தான் சொல்லணும்."

"சாயங்காலம் வழக்கமான பஸ்ஸுல வருவேன். நீங்க முந்திப் போனா, அம்மாகிட்டச் சொல்லிருங்க."

அவள் போன சிறிது நேரத்தில் சின்னராசா விழித்தான். இடக்கண் கறுத்து வீங்கி மூடியிருந்தது. வலக்கண் மனைவியைத் தேடிற்று.

"பாமா. அப்பா எங்க?"

"வெளிய பெஞ்சில. கூப்புடவா?"

"வேணாம். நீ கேளு." அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினான். "அவனுங்க போகயில ஒருத்தன் தமிழ்லயே சொன்னான். ஞாயித்துக்கெழம எல்லாரும் பாலத்துக்கு வருவீங்கள்ல, அப்ப எல்லாக் கையையும் பாத்துக்கிறோம்னு."

அவள் கையிலிருந்த தேநீர் சேலையில் சிந்தியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"இத ஏங்க அன்னைக்கே சொல்லல?"

"அப்பா எங்க வாயத் தொறக்க விட்டாரு? பேசாத, பேசாதன்னு மஞ்சத் தண்ணியத்தான தெளிச்சாரு."

கரகம் சோடிப்பது ஆற்றங்கரையில். அந்தப் பாலத்தின் அடியில். அந்திப் பொழுதில் தோட்டமே தப்புப் பறை அடித்துக்கொண்டு அந்தத் திருப்பத்தைக் கடந்துதான் போகும். முன்வரிசையில் முளைப்பாரி சுமந்து செல்பவர்கள் சத்தியபாமாவிடம் தோட்டப் பாடசாலையில் படிக்கும் குழந்தைகள். அவர்கள் கைகளிலும் காப்பு உண்டு.

*

வீரய்யா பெஞ்சின் ஓரத்தில், தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"மாமா, பொலிஸ்ல சொல்லணும்."

"என்னத்தச் சொல்றது? வழுக்கி விழுந்தான்."

"இங்க நாம ரெண்டு பேருதான் இருக்கோம் மாமா."

அவள் தன் கணவன் சொன்னதைச் சொன்னாள். சொல்லி முடித்த பின்னும் நெடுநேரம் அவர் தலைப்பாகைத் துணியை மடித்தார், விரித்தார், மீண்டும் மடித்தார்.

"கரகத்த நிப்பாட்டணும்னா காப்பு அறுந்ததச் சொல்லணும். அதச் சொன்னா, அறுந்ததுக்கு மேல திருட்டுக் காப்புக் கட்டுனவன் தலைவர்னு வரும். எங்கப்பன் காலத்துலேருந்து இந்தத் தலப்பா எங்க வீட்டுலதான் இருக்கு, புள்ள."

"தலப்பா இருக்கும் மாமா. கட்டிக்கிறதுக்குத் தல இருக்கணும்ல."

அப்படி ஒரு சொல்லை மாமனாரிடம் அவள் முன்னெப்போதும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவள் நிற்கவில்லை.

*

ஆஸ்பத்திரி வாயிலோரத்துச் சிற்றறையில் இருந்த பொலிஸ் சார்ஜன் நடுவயதினர். தோட்டப் பகுதிகளில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். தமிழைத் தயங்காமல் பேசினார். சத்தியபாமா சொன்னவற்றை இடைமறியாமல் கேட்டார்.

"டீச்சர், நேத்து இந்தக் கதிரையில நான்தான் இருந்தேன். ஒங்க மாமா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுனேன். வழுக்கி விழுந்தது."

"அது பொய்ங்க."

"சரி, பொய். அடிச்சவன் காப்ப அறுத்தான்னு சொல்றீங்க."

"ஆமாங்க. மஞ்சள் நூலப் பாத்துத்தான் ஆளையே எறக்குனாங்க."

"நேத்து ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போகயில அந்தக் கைய நான் பாத்தேன். நூல் முழுசா இருந்திச்சி." அவர் குவளையைக் கீழே வைத்தார். "அறுத்த நூல் ராத்திரியோட ராத்திரியா மொளச்சிதா?"

சத்தியபாமா தன் மணிக்கட்டிலிருந்த நூலைப் பார்த்தாள்.

சார்ஜனைக் குறை சொல்வது எளிது. ஆனால், அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒருவன் செய்த செயலுக்காக அவனை அடித்தால், அது சண்டை. அவன் தாங்கியிருக்கும் அடையாளத்துக்காக அடித்தால், அந்த அடையாளத்தைத் தாங்கிய ஒவ்வொருவர் மீதும் அந்த அடி விழுகிறது. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதற்கு அந்த அறுபட்ட மணிக்கட்டு ஒன்றே இருந்தது. அதை மூடி மறைத்தவர்கள் கம்பியோடு வந்தவர்கள் அல்லர். நாம், நம் பக்தி, நம் மானம்.

"நாளைக்குச் சாயங்காலம் பாலத்துல பொலிஸ் நிக்கணும் சார். சின்னப் புள்ளைங்க வருவாங்க."

"பாறையில வழுக்குறதுக்கெல்லாம் நாங்க பாலத்துல நிக்க ஏலுமா, டீச்சர்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "டொக்டர் எழுதட்டும். எழுதிக் கொண்டு வாங்க. பாக்குறேன்."

*

காயங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதும் வைத்தியர் நிசாந்தினி யாழ்ப்பாணத்தவர். இளவயதினர். இரவுக் கடமை முடிந்த களைப்பு கண்களில் இருந்தது.

"விழுந்ததெண்டு எழுதிக் கிடக்கு. விழுந்த ஆளுக்கு முதுகில கம்பி போட்டமாதிரி வரிவரியா இரத்தக் கண்டல் வராது. அது எனக்கு விளங்குது. ஆனா, ஏன் அடிச்சவங்கள் எண்டு காயம் சொல்லாது அம்மா."

"சொல்லும் டொக்டர்."

சத்தியபாமா கணவனின் வலக்கையை எடுத்துப் போர்வையின் மேல் வைத்தாள். பக்கத்தில் தன் இடக்கையையும் வைத்தாள்.

"ரெண்டும் போன வெள்ளிக்கெழம ஒரே கையால கட்டுனது. பாருங்க."

அவளுடைய காப்பில் மஞ்சள் என்று சொல்ல எதுவும் எஞ்சியிருக்கவில்லை. சவர்க்காரமும், மழையும், பாடசாலை வெண்கட்டித் தூளும் பட்டு, அது சாயத்தண்ணியின், பால் விடாத தேநீரின், நிறத்துக்கு வந்திருந்தது. சின்னராசாவின் காப்போ, அம்மியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் மின்னியது.

வைத்தியர் குனிந்தார். நூலின் அடியில் ஒரு சிவந்த கீறல் தொடங்கி, மறுபுறம் வெளியே வந்தது. நூலில் ஒரு துளிக் குருதியும் இல்லை.

"வெட்டு நூலுக்குக் கீழால போகுது. அப்ப நூல் பிறகு கட்டினது." நிமிர்ந்தார். "இதைக் கழட்டினாத்தான் நான் முழுக்கப் பாத்து எழுதலாம்."

"அது கழட்டக் கூடாதுங்க."

வீரய்யா கதவருகில் நின்றிருந்தார்.

"கரகம் எறக்குன பெறகு பூசாரிதான் அவுக்கணும். நடுவுல கழட்டுனா ஊருக்கு ஆகாதுங்க, டொக்டரம்மா."

"நான் வெட்டமாட்டன் ஐயா. எங்கட ஊரிலயும் கோயில் இருக்கு. ஆனா நூல் கையில கிடந்தால், நூல் முழுசாக் கிடக்கு எண்டும் நான் எழுதத்தான் வேணும். பிறகு அதை வச்சுத்தான் கதைப்பினம்."

அடுத்த கட்டிலில் ஒரு முதியவர் இருமினார்.

"அப்பா." சின்னராசாவின் குரல் வறண்டிருந்தது. "ஆத்தா காப்ப அவனுங்க ஆத்துல வீசிட்டானுங்க. இது ஆத்தா காப்பு இல்ல. நீங்க கட்டுனது."

வீரய்யா கட்டிலருகே வந்தார். தாதி கத்தரிக்கோலை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. மூன்று முடிச்சுகள், ஈரத்தில் இறுகியிருந்தன. நகத்தால் நெம்பினார். முடியாதபோது மகனின் கையைத் தூக்கிப் பல்லால் கடித்துத் தளர்த்தினார். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் காயம் தெரிந்தது. தோலைப் பிளந்து சதைவரை இறங்கியிருந்த காயம். அதன்மேல் இரண்டு நாளாக மஞ்சள் நூலை இறுக்கிக் கட்டி வைத்திருந்தவர் அவர்.

"இப்புடி இருந்திச்சாடா?" என்றார். "இதுக்கு மேலயாடா நான் கட்டுனேன்?"

வைத்தியர் எழுதத் தொடங்கினார்.

*

சார்ஜன் அறிக்கையை இருமுறை படித்தார். வீரய்யா நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நேத்து நான் சொன்னது பொய்ங்க. எம்மவன் விழல. காப்புக் கட்டுன கையப் பாத்துத் தேடி எறக்கி, காப்ப அறுத்து அடிச்சாங்க. நாளைக்கு எல்லாக் கையையும் பாப்போம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

சார்ஜன் எழுதினார். பிறகு தமிழில் வாசித்துக் காட்டினார். இனந்தெரியாத சிலர் பேருந்திலிருந்து இறக்கித் தாக்கினர். கூரிய ஆயுதத்தால் வலக்கையில் காயம்.

"காப்பப் பாத்துன்னு மாமா சொன்னாரு. அது எங்க சார்?"

"அடிச்சதுதான் குற்றம், டீச்சர். எதுக்கு அடிச்சான்னு பாக்குறது கோட்டோட வேல."

"எதுக்குன்னு எழுதலேன்னா, நாளைக்குப் பாலத்துல எதுக்குக் காவல் போடுவீங்க?"

அவர் பேனாவை மீண்டும் எடுத்து, காப்பையும், பாலத்தையும், அவர்கள் விட்டுச் சென்ற மிரட்டலையும் எழுதினார். இம்முறையும் அவராகவே வாசித்துக் காட்டினார்.

"இத ஒங்க பக்கத்து ஸ்டேசனுக்கு இப்பவே அனுப்புறேன். ஆனா மறைக்காமச் சொல்றேன், கேளுங்க. ஸ்டேசன் பெரியவர் இதப் பாத்துட்டு, நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்கம்பாரு. ஒருத்தன் கையில ஒரு வெட்டுன்னா, பழைய கோபம், பொம்பளப் பிரச்சினை, ஏதோ ஒண்ணுன்னு மூடிருவாரு. இன்னொரு காப்பு அறுந்திருக்கணும் டீச்சர். இன்னொரு ஆள் வந்து சொல்லணும். அப்ப அவரு தட்ட ஏலாது."

"இன்னொரு ஆளையும் அடிச்ச பெறகா சார்?"

சார்ஜன் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார்.

*

திரும்பும் வழியில், பசறை நகரில் தோட்டத்துப் பேருந்துக்காகக் காத்து நின்றபோது, தோட்டத்தார் 'நானா' என்று அழைக்கும் ஷுக்ரி தம் கடைக்குள்ளிருந்து கைகாட்டி அழைத்தார். தோட்டத்துத் திருவிழாச் சாமான்கள் எல்லாம் அவருடைய கடையில்தான் வாங்கப்படும். கற்பூரமும் சாம்பிராணியும் மணக்கும் கடை அது.

"டீச்சர், உள்ளுக்கு வாங்க. மழ வரப் போகுது. மாப்புள எப்படி ஈக்கிறாரு? விழுந்துட்டாருன்னு கேள்விப்பட்டேன்."

"விழல நானா. அடிச்சாங்க."

ஷுக்ரி வீதியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எனக்கும் காதுல விழுந்திச்சி. கேட்டும் கேக்காத மாதிரி ஈக்க வேண்டிய காலமாப் போச்சி. போன ஐப்பசியிலேருந்து நானும் மகரிபுத் தொழுகைக்கு முந்திக் கடையச் சாத்திடுறேன்." பேச்சை மாற்ற விரும்பியவர்போல் வீரய்யாவின் பக்கம் திரும்பினார். "தலைவர், இந்த வருசம் திருவிழா பெரிசுதான் போல. காப்புக் கட்டி ஒரு கிழமையாகுது. இந்தக் கிழமையும் ஒங்க ஆக்கள் வந்து வந்து மஞ்சளும் நூலும் வாங்கிட்டுப் போறாங்க. கொம்பு மஞ்சள் முடிஞ்சி, திரும்ப எடுப்பிச்சேன்."

வீரய்யா தலையை ஆட்டினார். அவர் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. பேருந்து வந்தது. ஷுக்ரி சொன்னது சத்தியபாமாவின் காதில் விழுந்தது, மனத்தில் தங்கவில்லை. இன்னொரு ஆள், இன்னொரு ஆள் என்பது மட்டுமே அவளுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆற்றுப்பாலத் திருப்பத்தில் பேருந்து வேகம் தணிந்தபோது, பயணிகள் அனைவரும் பேச்சை நிறுத்தினர். சத்தியபாமாவுக்கு முன்னால் இருந்த பெண் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பேருந்து திருப்பத்தைக் கடந்ததும் பேச்சு மீண்டது. எதைப் பற்றி எவரும் பேசவில்லை என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர்.

*

கோயில் முன்றிலில் மாலைப் பூசைக்குக் கூட்டம் நிறைந்திருந்தது. நமுனுகுல மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. குழல்விளக்குகளை முன்னதாகவே ஏற்றியிருந்தார்கள். அண்ணன் இல்லாத நாளில் பொறுப்பேற்றிருந்த தம்பையா, முழுக்கைச் சட்டையுடன் கருவறை வாயிலில் நின்றார்.

வீரய்யா தலைப்பாகை இல்லாமல் படியேறினார். அதைக் கண்டதுமே தப்புச் சத்தம் நின்றுவிட்டது.

அவர் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். மகனைப் பேருந்திலிருந்து இறக்கியதையும், காப்பை அறுத்ததையும், தாம் புதுக் காப்புக் கட்டி ஊரை ஏமாற்றியதையும், நாளைக்குப் பாலத்தில் காத்திருப்பதாக அவர்கள் சொன்னதையும் சொன்னார்.

முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அழுகுரல் எழுந்தது. பின்னர் எல்லாரும் ஒருங்கே பேசத் தொடங்கினர்.

"அண்ணே," தம்பையாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே எழுந்தது. "மனுசன ஏமாத்தலாம். ஆத்தாவையே ஏமாத்திட்டியே. அறுந்த காப்போட ஒம்மவன் கரகம் தூக்க, நாங்க பின்னால தப்படிச்சிக்கிட்டு வரணும், அப்படித்தான?"

"தப்புத்தான் தம்பி."

"தப்புத்தான்னு சொன்னாப் போச்சா? ஊருக்கு அம்மை வந்தா யாரு பொறுப்பு?"

"அம்மை வருமோ என்னமோ, சின்ன மாமா," என்றாள் சத்தியபாமா. "நாளைக்குப் பாலத்துக்கு அவனுங்க வருவானுங்க. அத யாரும் கேக்கலியே."

"வாங்க டீச்சரம்மா. பொலிஸ் வரைக்கும் போயிட்டு வந்தாச்சி. நாளைக்கு ஆத்தா மேலயும் ஒரு என்ட்ரி போட்டுட்டு வாங்க."

சிலர் சிரித்தனர். அவள் அவர்களைப் பார்த்துப் பேசினாள்.

"என்ட்ரி போட்டாச்சி. ஒருத்தர் சொன்னாப் பத்தாதாம். இன்னொருத்தர் சொன்னாக் காவல் வரும். இந்த வாரம் அந்தப் பாலத்துலயோ, பஸ்ஸுலயோ, டவுன்லயோ யாருக்காவது ஏதாவது நடந்திருந்தாச் சொல்லுங்க. ஒரே ஒருத்தர். நம்ம புள்ளைங்க அந்த வழியாத்தான் போகணும்."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்த முகங்களெல்லாம் தரையை நோக்கின.

"யாருக்கும் ஒண்ணும் நடக்கல," என்றார் தம்பையா. வேகமாகச் சொன்னார். "ஒன் புருசனுக்கு எவன்கிட்ட என்ன தகராறோ, அத ஊர் தலையில கட்டாத. இப்ப ஆகவேண்டியதப் பாப்போம். எல்லாரும் கையத் தலைக்கு மேல தூக்குங்க. ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, மத்ததப் பெறகு பேசலாம். தூக்குங்க."

பூசாரி மணியை எடுத்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

சத்தியபாமாவின் கைகள் மட்டும் உயரவில்லை. அவள் அந்தக் கைகளை வெறித்துக்கொண்டு நின்றாள். கொழுந்தெடுத்துக் கறுத்த விரல்கள். மருந்தடித்து வெடித்த உள்ளங்கைகள். மணிக்கட்டுகளில் ஒரு கிழமை மழையும் வெயிலும் உழைப்பும் தின்ற காப்புகள், சாயத்தண்ணி நிறம்.

அவற்றுக்கிடையே ஒன்று பளிச்சிட்டது.

பேருந்தில் முந்தானைக்குள் கையை ஒளித்த பெண்ணின் கை அது. அதற்கு அப்பால், தூணோரத்தில், இன்னொன்று. தப்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்ட இளைஞனின் கையில் ஒன்று. குழல்விளக்கின் கீழ், மங்கிய நூல்களின் நடுவில், அப்போதுதான் அரைத்த மஞ்சளின் நிறம் அங்கும் இங்குமாக எரிந்தது.

கொம்பு மஞ்சள் முடிந்து, திரும்ப எடுப்பித்தேன் என்று ஷுக்ரி சொன்னது இப்போது அவள் மனத்தில் இறங்கியது.

ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்தியிருக்கிறது. ஒவ்வொருவரும் கழுவியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் என்று நினைத்து, ஊருக்காகவும் ஆத்தாவுக்காகவும் வாயை மூடியிருக்கிறார்கள்.

அவள் கருவறை வாயிலை நோக்கித் திரும்பினாள். எல்லாருக்கும் முன்னால், எல்லாரையும்விட உயரமாகத் தூக்கியிருந்த கைகள் தம்பையாவினுடையவை. முழுக்கைச் சட்டை முழங்கை வரை சரிந்திருந்தது. வலக்கையில் இருந்த மஞ்சள், அந்த முன்றிலில் இருந்த எல்லா மஞ்சளையும்விடப் புதியது.

மணி நின்றது. கைகள் இறங்கத் தொடங்கின.

"சின்ன மாமா," என்றாள் அவள். "கைய எறக்காதீங்க."

அவர் கண் திறந்தார். அவள் எங்கே பார்க்கிறாள் என்பதைக் கண்டார். சட்டைக் கையை இழுப்பதற்குள் அவள் படியேறி அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நூலின் கீழே ஒரு மெல்லிய பொருக்கு விரலில் தட்டுப்பட்டது.

"இது எப்பக் கட்டுனது?"

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று முன்வரை முழங்கிய மனிதர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"நேத்துச் சாயங்காலம். பாலத்தடியில. வெளிய சொன்னா வீட்டுப் பொம்பளைங்களும் அந்த வழியாத்தான வர்றாங்கன்னானுங்க. கேசினி எந்த பஸ்ஸுல வர்றான்னு அவனுங்களுக்குத் தெரியுது, பாமா. இன்னைக்குப் போகாதடின்னு சொன்னேன். கேக்கல."

கீழே, பனிக்குள், கேசினி வரும் மாலைப் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. ஆற்றுப்பாலத் திருப்பத்தில் சாரதி எப்போதும் ஒருமுறை அழுத்திவிட்டு வளைப்பது வழக்கம்.

இன்று அது நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தது.